மகனின் கால்பந்துச் சம்பளத்தில் தேயிலைத் தோட்டம் வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. கால்பந்தில் ஸ்டாப்பர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் டிஃபென்டர். சென்ற ஆகஸ்ட்டில் மலேசியாவில் ஒரு கிளப்பில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தான். செலவு போக மாதம் ஒன்றரை லட்சம் அனுப்புகிறான். கோத்தகிரியில் அவனுடைய பழைய சேமிப்புக் கணக்கில் 12 லட்சம் சேர்ந்திருக்கிறது. எங்கள் ஹட்டிக்கு (ஊருக்கு) பக்கத்தில் இரண்டு ஏக்கர் தேயிலைத் தோட்டம் 52 லட்சத்துக்கு வருகிறது. கையில் இருப்பதைக் கொடுத்து, மீதி 40 லட்சத்துக்குக் கடன் வாங்கி, அவன் பெயரிலேயே பத்திரம் போட நினைக்கிறேன். அடுத்த வாரம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
— ஒரு தந்தை, கோத்தகிரி

பதில்: ஐயா, அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அவன் பெயரில் அந்தத் தோட்டத்தை வாங்கச் சட்டமே இடம் தராது. வேலைக்காக வெளிநாடு போனவர், அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிடுகிறார். அவர் இங்கே வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு இந்த மூன்றையும் விலைக்கு வாங்க முடியாது. உங்களிடமிருந்து வாரிசாக அவனுக்கு வந்தால் தடையில்லை.

“அப்படியானால் என் பெயரில் வாங்கிக்கொள்கிறேன்” என்று உங்களுக்குத் தோன்றும். மகன் அப்பாவுக்குப் பணம் அன்பளிப்பாகக் கொடுத்தால் வரி இல்லை, அது உண்மைதான். ஆனால் அது உண்மையிலேயே அன்பளிப்பாக இருக்க வேண்டும். பேருக்கு உங்கள் பெயர், உரிமை அவனுடையது என்று வைத்துக்கொண்டால் பினாமிச் சட்டம் குறுக்கே வரும். நீங்கள் உயில் எழுதாவிட்டால், உங்கள் பெயரில் உள்ள நிலம் உங்களுக்குப் பின் எல்லா வாரிசுகளுக்கும் போகும். அவன் முழங்காலைப் பணயம் வைத்துச் சம்பாதித்தது என்பது பத்திரத்தில் எங்கும் இருக்காது. வேறு பிள்ளைகள் இருந்தால் இதைக் குடும்பமாக உட்கார்ந்து இப்போதே பேசுங்கள்.

சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். 40 லட்சம், பத்து வருடம், 10 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை கிட்டத்தட்ட 53,000 ரூபாய். வருடத்துக்கு ஆறு லட்சத்துக்கு மேல். இரண்டு ஏக்கரிலும் சேர்த்து வருடம் 10,000 கிலோ பச்சை இலை எடுத்து, கிலோவுக்கு 25 ரூபாய் கிடைத்தாலும் இரண்டரை லட்சம்தான். அதிலும் பறிக்கிற கூலி, உரம், கவாத்துச் செலவு போக வேண்டும். 20 ரூபாய்க்குக் கீழே இலை போட்ட காலத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆக, தவணையைக் கட்டப்போவது தோட்டம் இல்லை, உங்கள் மகன். கடனோ பத்து வருடம், அவன் ஒப்பந்தமோ இரண்டு வருடம், அதிலும் ஒரு பகுதி முடிந்துவிட்டது.

வெளிநாட்டில் ஆடும் டிஃபென்டரின் வருமானம் எவ்வளவு சீக்கிரம் திசை மாறும் என்பதற்கு சந்தேஷ் ஜிங்கனைப் பாருங்கள். இந்திய அணியின் தூண் அவர். 2021 ஆகஸ்ட்டில் குரோஷியாவின் ஷிபெனிக் கிளப்புக்குப் போனார். காயம்பட்டு, அங்கே ஒரு போட்டியில்கூட ஆடாமல் 2022 ஜனவரியில் கொல்கத்தா திரும்பினார். அவருக்கு இங்கே பெரிய கிளப் காத்திருந்தது. எல்லாருக்கும் அப்படி அமையாது. முழங்காலில் தசைநார் கிழிந்தால் பல மாதம் மைதானம் கிடையாது.

அதனால் மகனிடம் முதலில் ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். காயம்பட்ட காலத்தில் முழுச் சம்பளம் உண்டா? அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது? எழுதியிருக்கும் தொகை வரிக்கு முன்பா, பின்பா? இங்கே எடுக்கிற பல விபத்துக் காப்பீடுகளில் தொழில்முறை விளையாட்டுக்கு விலக்கு இருக்கும். பாலிசி எடுக்கும்போதே தொழிலைச் சொல்லி, காப்பு உண்டு என்று எழுத்தில் வாங்க வேண்டும்.

சம்பளம் நிலுவையானால் அவன் வாய்மூடி இருக்க வேண்டாம். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால், 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் அனுப்பி, அதற்குப் பிறகும் தராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். ஃபிஃபாவிடம் இரண்டு வருடத்துக்குள் முறையிட வேண்டும். ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்போடு முன்கூட்டியே கையெழுத்திடவும் அவனுக்கு உரிமை உண்டு. அந்த நேரத்தில் வீட்டில் தவணை நெருக்கினால், முதலில் வருகிற குறைந்த சம்பளத்துக்கே தலையாட்டிவிடுவான். கடன் வேண்டாம் என்று நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

அப்புறம் வரி. ஆகஸ்ட்டில் போனதால் அந்த நிதியாண்டில் அவன் இந்தியாவில் இருந்தது 182 நாளுக்குக் குறைவு. மலேசியச் சம்பளத்துக்கு இங்கே வரி வராது. மலேசியாவில் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அங்கே குடியிருப்பாளர் அல்லாதவருக்கு, அதாவது போதிய நாள் தங்காதவருக்கு, நேராக 30 சதவீதம். முதல் வருடம் நாள் குறைந்தாலும், அடுத்த வருடத்தோடு தொடர்ச்சியாகச் சேர்த்துக் குடியிருப்பாளர் தகுதி கேட்க வழி உண்டு. 30 சதவீதம் பிடித்திருந்தால், கிளப் தரும் ஈ.ஏ. படிவத்தோடு (வருடச் சம்பள விவரம்) அங்கேயே ஒரு கணக்காளரைப் பார்க்கட்டும், திரும்பக் கிடைக்கலாம். பாஸ்போர்ட் முத்திரைப் பக்கங்களை நகலெடுத்து வையுங்கள்.

வங்கியில் பழைய சேமிப்புக் கணக்கு அப்படியே இருக்கக் கூடாது. அதை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாடுவாழ் இந்தியர் இங்குள்ள பணத்தை வைக்கும் கணக்கு) மாற்றி, புதிதாக என்.ஆர்.இ. கணக்கு (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை இங்கே போடும் கணக்கு) ஒன்று திறந்து, இனி வருவதை அதில் போடச் சொல்லுங்கள். என்.ஆர்.இ. வட்டிக்கு இங்கே வரியில்லை, பணத்தைத் தடையின்றி வெளியே கொண்டுபோகவும் முடியும்.

மாதம் வருகிற ஒன்றரை லட்சத்தில் வீட்டுக்கு உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் சங்கடம் வேண்டாம். இருக்கிற 12 லட்சத்தைத் தொடாதீர்கள். கிளப் இல்லாமலோ காயத்தோடோ ஒரு வருடம் உட்கார நேர்ந்தால் அதுதான் சோறு. மிச்சத்தில் மாதம் 40,000 ரூபாயை அவன் பெயரில் ஒரு இன்டெக்ஸ் ஃபண்டில் (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் மியூச்சுவல் ஃபண்ட்) போடலாம். வெளிநாடுவாழ் இந்தியர் என்று கே.ஒய்.சி.யை மாற்றிய பிறகு. புதிதாகப் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) தொடங்க அவனால் முடியாது. ஆசிய கால்பந்துக் கூட்டமைப்பின் பயிற்சியாளர் சான்றிதழ் படிக்கவும் கொஞ்சம் ஒதுக்குங்கள். ஆட்டத்தைப் பின்னாலிருந்து முழுக்கப் பார்த்துப் பழகியவன் ஸ்டாப்பர், அந்தப் படிப்பு அவனுக்கு நன்றாக வரும்.

தோட்ட ஆசை தவறே இல்லை. அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும், அவசரப் பணம் தனியாக நிற்கட்டும். அப்போதும் கடனில்லாமல் வாங்க முடிகிற அளவுக்கு, அரை ஏக்கரானாலும் சரி, உங்கள் பெயரில் வாங்குங்கள், வில்லங்கச் சான்றிதழ் பார்த்து, மகனின் அன்பளிப்பை எழுத்தில் வைத்து. விற்பவரிடம் இந்த வாரமே “இப்போது இல்லை” என்று சொல்லிவிடுங்கள், அவர் வேறு ஆளைப் பார்க்கட்டும்.