பூஸ்ட் ஏறினால் திணறல், கீழே ஆயில் கறை: டர்போவை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபியட் லீனியா டி-ஜெட் வைத்திருக்கிறேன். ரீமேப் செய்து (எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி), டர்போவிலிருந்து புகை போகும் டவுன்பைப்பை மாற்றி, எஞ்சின் மூச்சுக் காற்றோடு வரும் ஆயிலைப் பிடிக்கும் கேட்ச் கேனும் போட்டிருக்கிறேன். திருமயம் ரோட்டில் மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தால் 4,000 ஆர்பிஎம்முக்கு மேல் வெட்டி வெட்டி இழுக்கிறது. டாங்கில் பெட்ரோல் கால்வாசிக்குக் கீழே போனால் இன்னும் மோசம். ராத்திரி நிறுத்தும் இடத்தில் ஆத்தங்குடிக் கல்லெல்லாம் ஆயில் கறை. கொஞ்ச நேரம் ஐடிலில் நின்றுவிட்டுக் கிளம்பினால் நீலப் புகை. டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். டர்போ போயிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் எழுதியதில் அதை உறுதி செய்யும்படி எதுவும் இல்லை. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது டர்போ போட்டால் அதுவும் புகைக்க வாய்ப்பிருக்கிறது. அதுவரை முழு பூஸ்டில் (டர்போ காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் முழுதாகத் தள்ளும்படி மிதித்து) ஓட்டாதீர்கள். பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். பழுக்கக் காய்ந்த டர்போ பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் தீதான்.

திணறலும் ஆயில் கறையும் இரண்டு தனிக் கோளாறு மாதிரித் தெரியும். ஒன்றாகவே இருக்கலாம். பூஸ்டில் பெட்ரோல் போதாவிட்டால் கலவை மெலிந்து நாக்கிங் (கலவை தானாக வெடித்து எஞ்சினைத் தட்டுவது) வரும். அது நீடித்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பே உடையும். அப்புறம் எரிந்த வாயு பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க்கேஸுக்குள் இறங்கி, அங்கே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அந்த வழியாக ஆயிலைத் தள்ளும். அதனால் முதலில் எஞ்சினுக்குள் என்ன அழுத்தம் என்று பார்ப்போம். பம்ப் எல்லாம் அப்புறம்.

செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. எஞ்சின் சூடானதும் ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயில் மெடிக்கலில் கிடைக்கும் ரப்பர் கையுறையை இறுக்கமாக மாட்டுங்கள். கையுறை லேசாக உள்ளே இழுக்கப்பட்டால் நல்லது. ஐந்து விரலும் விரைத்துக்கொண்டு எழுந்து நின்றால் அழுத்தம் இருக்கிறது. அப்படி நின்றால் உடனே எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். கேட்ச் கேனைக் கழற்றிவிட்டு, கம்பெனி ஹோஸையே பழையபடி மாட்டி மறுபடி பாருங்கள். எனக்குக் கேட்ச் கேன் மேல்தான் முதல் சந்தேகம். அலங்காரத்துக்காக விற்கும் கேன்களில் பல, மெல்லிய ஹோஸும் ஆயில் ஊறி அடைத்துக்கொள்ளும் பஞ்சும் வைத்தவை. எஞ்சின் மூச்சு விடும் வழியையே அவை அடைத்துவிடுகின்றன.

கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸில் உள்ள ஒருவழி வால்வையும் கழற்றித் துடைத்து ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும். இரண்டு பக்கமும் போனால் பூஸ்ட் காற்று நேராகக் கிராங்க்கேஸுக்குள் பாய்கிறது என்று அர்த்தம். ஐடிலில் பூஸ்ட் இல்லாததால் கையுறை இதைக் காட்டிக்கொடுக்காது. இவ்வளவும் பார்த்த பிறகும் கையுறை எழுந்து நின்றால் கம்ப்ரஷனும் லீக்-டவுனும் (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று அளப்பது) பார்க்க வேண்டும். லீக்-டவுன் 10 சதவீதத்துக்குள் என்றால் நிம்மதி. ஒரு சிலிண்டரில் மட்டும் 20-ஐத் தாண்டி, காற்று ஆயில் மூடி வழியாகச் சீறினால், செலவு டர்போவில் இல்லை, பிஸ்டனில் இருக்கிறது.

சரி, டர்போ. அதன் தண்டில் இருக்கும் சீல் ரப்பர் கிடையாது. பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய உலோக வளையம். அழுத்த வித்தியாசத்தை நம்பித்தான் அது வேலை செய்கிறது. பேரிங்கை நனைத்த ஆயில் நுரைத்துக்கொண்டு, வெறும் புவியீர்ப்பில் எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு வடிய வேண்டும். வடிகுழாய் மடங்கியிருந்தாலும், டவுன்பைப் மாற்றியபோது யாராவது கேஸ்கெட்டுக்குப் பதில் சிலிக்கான் பசையை அப்பி அது உள்ளே பிதுங்கியிருந்தாலும், ஆயில் தேங்கி டர்பைன் பக்கம் கசிந்து புகையும். நல்ல டர்போவே இப்படிப் புகைக்கும்! ஆயிலை மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தாலும் இதே கதை நடக்கலாம். ஐடிலுக்குப் பிறகு வரும் நீலப் புகைக்கு வால்வ் ஸ்டெம் சீல்களும் காரணமாகலாம் என்பதை உங்கள் மெக்கானிக்கிடம் நினைவுபடுத்துங்கள்.

டர்போவைக் குறை சொல்ல ஆதாரம் வேண்டுமென்றால், எஞ்சின் ஆறியதும் இன்டேக் ஹோஸைக் கழற்றித் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மிக லேசான ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் விரலுக்குத் தெரிகிற அளவு ஆடினாலோ, இறக்கைகள் உறையில் உரசிய தடம் இருந்தாலோ, மெக்கானிக் சொன்னது சரி. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் மெல்லிய ஆயில் பிசுக்கு சாதாரணம்; குட்டையாகத் தேங்கியிருந்தால் இல்லை.

வெளியே சொட்டும் ஆயிலுக்கு, சொட்டும் இடத்தைப் பார்க்காதீர்கள். நனைந்திருப்பதில் எது ஆக மேலே இருக்கிறதோ அதைப் பாருங்கள். நம்மூர்ச் செம்மண் புழுதி ஆயிலோடு சேர்ந்து அப்பிக்கொண்டால் எதுவும் தெரியாது. எஞ்சினை டிகிரீசர் போட்டுக் கழுவிக் காயவைத்து, சந்தேகமுள்ள இடங்களில் டால்கம் பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வ் கவர் கேஸ்கெட், டர்போவுக்கு ஆயில் வரும் பாஞ்சோ போல்ட் (நடுவில் துளையுள்ள போல்ட்) இரண்டையும் முதலில் பாருங்கள். அந்த போல்ட்டின் செம்பு வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் போட வேண்டும். அதுவரை கல்லுக்கு மேல் அட்டைப் பெட்டியை விரித்து வையுங்கள். ஆத்தங்குடிக் கல் சிமென்ட் கல், ஆயிலைக் குடித்துவிட்டால் கறை லேசில் போகாது.

இனி பெட்ரோல். பம்ப் வாங்குவதற்கு முன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பூஸ்ட் கூடும்போது பொறி அணைந்துபோவதும் இதே மாதிரி வெட்டி இழுக்கும். இடைவெளியை 0.7 மி.மீ. அளவுக்குக் குறைத்தாலே சில வண்டிகள் சரியாகிவிடும். ஆனால் டாங்க் குறையும்போது மோசமாகிறது என்கிறீர்களே, அது பிளக்குக்குப் பொருந்தாது. பம்ப்பையோ, அதன் அடியில் உள்ள வலை ஃபில்டரையோதான் காட்டுகிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய டாங்கில் படிந்த அழுக்கை எத்தனால் கரைத்துக்கொண்டு வந்து ஃபில்டரில் சேர்த்துவிடும். அதோடு, எத்தனால் கலக்காத பழைய பெட்ரோலைவிட ஏறக்குறைய 7, 8 சதவீதம் அதிக எரிபொருள் தேவைப்படும். ரீமேப் செய்தவர் இதைக் கணக்கில் எடுத்தாரா என்று கேளுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயான ரெயிலில் 3.5 பார் நிலையான அழுத்தம், மேனிஃபோல்டில் 1 பார் பூஸ்ட் என்றால், இன்ஜெக்டர் 2.5 பாரில்தான் பீய்ச்சுகிறது. வரத்து சுமார் 15 சதவீதம் குறையும். கம்பெனி பூஸ்டில் தாக்குப்பிடித்த இன்ஜெக்டர் இங்கே போதாமல் போகலாம்.

அழுத்தமானியை ரெயிலில் இணைத்து, டயலை முன்கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் ஹோஸ் கேபினுக்குள் வரவே கூடாது. டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அளக்கும் இயந்திரத்தில்) செய்ய முடிந்தால் அதுவே மேல். திணறும் நேரத்தில் முள் சரிந்தால் பம்ப் கனெக்டரில் வோல்ட்டேஜ் பாருங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ரிலே, வயர், எர்த் இவற்றில்தான் கோளாறு, பம்ப்பில் இல்லை. முள் அசையாமல் நின்றும் திணறினால் பிளக், காயில் பக்கம் திரும்புங்கள். எக்ஸாஸ்டில் கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் மாட்டினால் லாம்டா அளவில் (1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம், மேலே என்றால் குறைவு) படியுங்கள். முழு பூஸ்டில் 0.80 முதல் 0.85 வரை இருக்க வேண்டும்.

கடைசியில் டர்போவை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வந்தால், வடிகுழாயையும் ஆயில் வரும் குழாயையும் சேர்த்தே மாற்றுங்கள். மாட்டும்போது டர்போவின் ஆயில் வாயில் கொஞ்சம் சுத்தமான ஆயிலை ஊற்றி, தண்டைக் கையால் சுற்றிவிட்டு, பெட்ரோல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் இடைவெளி விட்டு விட்டு அடியுங்கள். அதற்குப் பிறகு ஃப்யூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்தால் போதும்.