ஷிப், ஷீப் இரண்டும் எனக்கு ஒன்றாகவே கேட்கிறது. எப்படிப் பிரிப்பது?

நீங்களும் என்னைப் போல வீட்டில் தமிழும் பள்ளியில் பர்மியமும் படித்து வளர்ந்தவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் ஆங்கில வாத்தியார் இல்லை. ரங்கூனில் உளுந்து ஏற்றுமதி செய்யும் இடத்தில் வேலை. ஆனால் இந்தக் குறில் நெடிலால் ஒரு மாதச் சம்பளத்தை இழந்தவன்.

ஆலையில் சுத்தம் செய்த உளுந்தை இரும்புத் தொட்டியில் கொட்டிவைத்து, அப்புறம்தான் மூட்டை பிடிப்போம். ஒரு மழைக்காலத்தில் தொட்டிகளைக் கழுவியிருந்தார்கள். சரக்கு வாங்குபவரின் பரிசோதகர் போனில் ‘பின்’ எல்லாம் காய்ந்துவிட்டதா என்றார். அவர் கேட்டது தொட்டியை. எங்கள் வாயில் நாள் முழுக்கப் புரள்வதோ ‘பீன்’. உளுந்தைக் கேட்கிறார் என்று எண்ணி, "யெஸ் சார், ஈரப்பதம் 12 சதவீதம்" என்றேன். அவரும் கொட்டச் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் கையை உள்ளே விட்டால் அடியில் வெதுவெதுவென்று சூடு. புளித்த வாடை. உளுந்து விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

எனக்குக் காது மந்தமில்லை. பர்மியத்தில் சொல்லின் கடைசியில் எழுதும் க், ட், ப் எல்லாம் தொண்டையில் வெட்டுப்பட்டு நிற்கும், முன்னால் உள்ள உயிரும் குறுகிவிடும். அந்தப் பழக்கத்தில் எங்கள் வகுப்பில் ஸிட், ஸீட் இரண்டும் ஒரே சொல்லாகத்தான் ஒலித்தன. தமிழ்க் காதோ மாத்திரையை எண்ணும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று கோயில் வகுப்பில் விரல் நொடித்துப் படித்தோமே, அந்தக் கணக்கு ஆங்கிலத்தில் பாதி தூரம்தான் வரும். உட்காரும் ஸீட்டில் உள்ள ஈயைவிட விதையைச் சொல்லும் ஸீடில் ஈ நீளம். இரண்டும் நெடில்தான், கடைசி மெய் அப்படிச் செய்கிறது. நீளத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்.

கேட்க வேண்டியது ஒலியின் நிறத்தை. ஈ என்று உதட்டை விரித்துச் சொல்லுங்கள். நாக்கு மேலே ஏறி விறைப்பாக இருக்கும். அப்படியே நாக்கைத் தளர்த்தி எகரத்தின் பக்கம் சற்று இறக்குங்கள். அதுதான் ‘ஷிப்’பில் வரும் இகரம். அதை மூன்று விநாடி இழுத்தாலும் ‘ஷீப்’ ஆகாது. ஃபுல், ஃபூல் இரண்டுக்கும் இதே கதைதான். ஊருக்கு ஊர் ஆங்கிலம் மாறும் என்று யாராவது சொல்ல வருவீர்கள். மாறும்தான், போனில் பேசியவருக்கு நான் பதில் சொல்லியாக வேண்டுமே.

பள்ளிப் புத்தகம் குண்டூசியைச் சொல்லும் ‘பின்’னில் ஷார்ட் ஐ, மரத்தைச் சொல்லும் ‘பைன்’னில் லாங் ஐ என்கிறதே, அதையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு காலத்தில் அந்த லாங் ஐ நிஜமாகவே ஈ என்று நீண்ட உயிர். 15ஆம் நூற்றாண்டுவாக்கில் திரியத் தொடங்கி ஐ ஆனது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அப்பா பெயர் மாரி. அடையாள அட்டையில் ஒரு காலை விட்டு ‘மரி’ என்று எழுதிவிட்டார்கள். அம்மன் பெயர், செத்துப்போ என்றாகிவிட்டது. திருத்தித் தரச் சொல்லி இரண்டு வருடம் நடந்தார். "ஒரு காலில் என்ன இருக்கிறது" என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் இறந்தபோதும் சட்டைப்பையில் அந்த அட்டைதான் இருந்தது.