அறுவை மேசையிலேயே கதிர்வீச்சு: அம்மாவுக்குப் பொருந்துமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. மார்பில் 2 செ.மீ. அளவில் ஒரு கட்டி. பயாப்சியில் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. ஆபரேஷனின்போதே ஒரே தடவையில் கதிர்வீச்சு கொடுத்துவிடலாம், பிறகு அலையவே வேண்டாம் என்று சொல்லும் ஒருவர் முன்பணம் கேட்கிறார். நம்பலாமா?
– வாசகி, திண்டிவனம்

பதில்: சிகிச்சையை நம்பலாம், முன்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

கட்டியை மட்டும் அகற்றியதும், அது இருந்த குழிக்குள் உருண்டைமுனைக் கருவியை வைத்து, சுமார் அரை மணி நேரம் கதிர்வீச்சு செலுத்திய பின் தையல் போடுவார்கள். லண்டன் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய டார்கிட் ஆய்வில், 45 வயதும் அதற்கு மேலும் ஆன, ஒரே கட்டி உள்ள பெண்களுக்கு இவ்வாறு அளித்தபோது, ஐந்தாண்டுகளுக்குள் அதே மார்பில் நோய் திரும்பியது நூற்றில் இருவருக்கு; பல நாட்கள் வெளியிலிருந்து முழு மார்புக்கும் கொடுக்கும் வழக்கமான முறையில் ஒருவருக்கு.

ஆனால் 'அலையவே வேண்டாம்' என்ற உறுதியை எந்த மருத்துவராலும் முன்கூட்டித் தர முடியாது. அகற்றிய கட்டியின் முழுப் பரிசோதனை முடிவு அறுவைக்குப் பல நாட்கள் கழித்தே வரும். வெட்டிய ஓரத்தில் புற்றணுக்கள் இருந்தாலோ, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்தாலோ, முழு மார்புக்கும் வெளியிலிருந்து கதிர்வீச்சு தேவைப்படும். அந்த ஆய்விலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தேவைப்பட்டது. அதனால் முதலில் கொடுத்தது வீணாகாது, கூடுதல் டோஸாகக் கணக்கில் சேரும். ஆனால் 'இங்கே ஆபரேஷன், பிறகு வேறிடத்தில் காயத்தைத் திறந்து கதிர்வீச்சு' என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அப்படிச் செய்தவர்களில் நூற்றில் நால்வருக்கு நோய் திரும்பியது.

இடைத்தரகர்கள் விற்பது சிகிச்சையை அல்ல, உங்கள் அலைச்சல் பயத்தை. ஐந்து, ஆறு வாரம் தினமும் வர வேண்டும் என்று இன்றும் பயமுறுத்துகிறார்கள். பலருக்கு மூன்று வாரத்தில் 15 தடவை போதும். பொருத்தமானவர்களுக்கு ஒரே வாரத்தில் 5 தடவையில் முடிப்பதும் பாதுகாப்பானது என்று 2020இல் பிரிட்டன் ஆய்வு காட்டிவிட்டது. இதை நோயாளியிடம் சொல்ல இரண்டு நிமிடம் ஒதுக்காத புறநோயாளிப் பிரிவுகளே தரகர்களை வளர்க்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வழக்கமான கதிர்வீச்சுக்கு இடமுண்டு. திட்டத்தில் சேர மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவு மையமும், சிகிச்சை அனுமதிக்கு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவும் போதும், மூன்றாம் மனிதர் தேவையில்லை.

பயாப்சி முடிவையும் மேமோகிராம் படங்களையும் எடுத்துக்கொண்டு, அறுவை மருத்துவரையும் கதிர்வீச்சு மருத்துவரையும் பணம் கட்டும் முன்பே பாருங்கள். பரிசோதனை முடிவு பாதகமாக வந்தால் மீதிக் கதிர்வீச்சை எங்கே, எவ்வளவு செலவில் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.