புதிய பொம்மை நிறுவனம்: பொறுப்புக் காப்பீட்டுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

கேள்வி: நானும் என் தங்கையும் சேர்ந்து மரப் பொம்மைகளும் துணிப் பொம்மைகளும் செய்து விற்கும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கவிருக்கிறோம். மொத்தம் ஆறு வகைகள். கைக்குழந்தைகளுக்கான கிலுகிலுப்பையும் அவற்றில் ஒன்று. இயந்திரம், மரம், சாயம், அட்டைப் பெட்டி ஆகியவற்றுக்கு ஒதுக்கியது போகக் கையிருப்பு குறைவாகவே உள்ளது. விற்பனை சூடுபிடித்த பிறகு பொறுப்புக் காப்பீடு எடுத்துக்கொள்ளலாமா? அதற்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

பதில்: தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். முதல் பொம்மை உங்கள் கையைவிட்டுப் போகும் நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். விற்பனை குறைவாக இருக்கும்போது ஆபத்தும் குறைவுதானே என்ற எண்ணம் பாதிதான் சரி. விபத்து நேரும் வாய்ப்பு விற்பனையைப் பொறுத்துக் கூடும், குறையும். ஆனால் துணிப் பொம்மையின் கண்ணாகத் தைத்த பொத்தான் கழன்று ஒரு குழந்தையின் மூச்சுக்குழாயில் சிக்கினால், அதன் விளைவின் கடுமைக்கும் நீங்கள் எத்தனை பொம்மைகள் விற்றீர்கள் என்பதற்கும் தொடர்பில்லை. நீங்கள் இருவரும் வெறும் கூட்டாளிகளாகவே தொழிலை நடத்தினால், அந்த இழப்பீடு உங்கள் சொந்தச் சேமிப்பையும் வீட்டையும்கூடத் தொடக்கூடும்.

உங்களுக்குத் தேவையானது, விற்ற பொருளால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கு இழப்பீடு தரும் பொருள் பொறுப்புக் காப்பீடு. உங்கள் பட்டறைக்கு வந்தவர் வழுக்கி விழுந்தால் கைகொடுக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீடு வேறு. இரண்டும் சில பாலிசிகளில் சேர்ந்தே வரும், சிலவற்றில் வராது. அதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பிரீமியம் பெரும்பாலும் எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. அதோடு குறைந்தபட்ச பிரீமியம் ஒன்றும் உண்டு. கணக்குக்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். எதிர்பார்க்கும் விற்பனை 20 லட்சம், விகிதம் ஆயிரத்துக்கு 6 என்றால் பிரீமியம் 12,000. ஆனால் குறைந்தபட்ச பிரீமியம் 25,000 என்றிருந்தால் நீங்கள் கட்ட வேண்டியது 25,000தான். 400 விலையில் 5,000 பொம்மைகள் விற்கத் திட்டமிட்டிருந்தால் பொம்மை ஒன்றுக்கு 5 ஆகிறது. மரத்தின் விலையையும் சாயத்தின் விலையையும் போல இந்த 5-ஐயும் அடக்கவிலையிலேயே சேர்த்துவிடுங்கள். மற்றச் செலவுகள் போக எஞ்சுவதிலிருந்து காப்பீட்டுக்குக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தால், எஞ்சவே எஞ்சாது. இன்னொன்றும் உண்டு: ஆண்டு முடிவில் உண்மையான விற்பனைக் கணக்கைக் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். விற்பனை 50 லட்சத்தைத் தொட்டிருந்தால் அதே விகிதப்படி பிரீமியம் 30,000 ஆகி, மீதி 5,000-ஐக் கட்டச் சொல்வார்கள். நன்றாக விற்ற ஆண்டில் வரும் இந்தப் பாக்கிக்கும் முன்கூட்டியே இடம் விடுங்கள்.

பிரீமியத்தைக் குறைக்க நாமே ஏற்கும் தொகையை, அதாவது டிடக்டிபிளை, உயர்த்திக்கொள்ளும்படி யோசனை சொல்வார்கள். அந்தத் தொகை உடனே எடுக்கக்கூடிய வைப்பாக உங்கள் கணக்கில் தனியே இருந்தால் மட்டும் சம்மதியுங்கள். வழக்கறிஞர் செலவு காப்பீட்டு வரம்புக்குள், அதாவது காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் உச்சத் தொகைக்குள், அடங்குமா, வெளியேயா என்பதையும் பாருங்கள். உள்ளே அடங்கினால், வழக்கு நீள நீள இழப்பீட்டுக்கான தொகை கரைந்துகொண்டே போகும்.

பொம்மைத் தொழிலுக்கே உரிய ஒரு சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர் குழந்தை என்பதால், பல நாடுகளின் சட்டப்படி வழக்குத் தொடுப்பதற்கான கால வரம்பு அக்குழந்தை வயதுக்கு வந்த பிறகே ஓடத் தொடங்குகிறது. இன்று விற்ற கிலுகிலுப்பைக்கான வழக்கு பல ஆண்டுகள் கழித்து வரக்கூடும். பாலிசிகள் இரு வகை: காயம் நேர்ந்த காலத்தில் நடப்பில் இருந்த பாலிசியே பொறுப்பேற்கும் ‘அக்கரன்ஸ்’ வகை ஒன்று, கோரிக்கை வரும் காலத்தில் நடப்பில் உள்ள பாலிசி பொறுப்பேற்கும் ‘கிளெய்ம்ஸ் மேட்’ வகை மற்றொன்று. பின்னது தொடக்கத்தில் மலிவாக இருக்கும். ஆனால் இடையில் ஓராண்டு புதுப்பிக்கத் தவறினாலோ, தொழிலையே மூடினாலோ, பழைய பொம்மைகளுக்குப் பாதுகாப்பு இல்லாமல் போய்விடும். கூடுதல் பிரீமியம் கட்டி நீட்டிப்பு வாங்கினால்தான் உண்டு. கிடைக்குமானால் முதல் வகையையே எடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. கிடைக்காவிட்டால், அந்த நீட்டிப்புக்கென்று முதலாண்டிலிருந்தே சிறு தொகை சேர்த்து வாருங்கள்.

பழுதுள்ள பொம்மைகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும் செலவைப் பொருள் பொறுப்புக் காப்பீடு பொதுவாக ஏற்காது; அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். 2007-ஆம் ஆண்டில் மாட்டெல் நிறுவனம், ஈயம் கலந்த சாயத்தாலும் கழன்று வரக்கூடிய சிறு காந்தங்களாலும், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பொம்மைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. அவ்வளவு பெரிய நிறுவனம் தாங்கிக்கொண்டது. சிறு நிறுவனம் ஒரே தொகுதியைத் திரும்பப் பெற்றாலே முடங்கிவிடும். தனிப் பாலிசிக்கு இப்போது பணம் இல்லையென்றால், ஒவ்வொரு தொகுதிக்கும் எண் அச்சிட்டு, எந்தத் தொகுதி எந்தக் கடைக்குப் போனது என்று பதிவேடு வைத்திருங்கள். எல்லாவற்றையும் திரும்பப் பெறாமல் பழுதான தொகுதியை மட்டும் பெற அது உதவும்.

பரிசோதனைச் செலவையும் காப்பீட்டுக் கணக்கோடு சேர்த்தே பாருங்கள். ஐஎஸ்ஓ 8124 போன்ற பாதுகாப்புத் தரங்களின்படி, மூன்று வயது நிரம்பாதவர்களுக்கான பொம்மையோ அதிலிருந்து கழலும் துண்டோ 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கிவிட்டால், அந்தப் பொம்மை தேறாது. ஆய்வக அறிக்கை இல்லாமல் விண்ணப்பித்தால் பிரீமியம் கூடும். சிலர் மறுத்தும் விடுவார்கள். விண்ணப்பப் படிவத்தில் வயதுப் பிரிவையும், வெளிநாட்டு விற்பனை உண்டா என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

பணம் போதவில்லையென்றால் காப்பீட்டு வரம்பைக் குறைக்காமல் பொம்மை வகைகளைக் குறைக்கும்படியே சொல்வேன். தரகரிடம் கிலுகிலுப்பையைச் சேர்த்து ஒன்றும், அதை நீக்கி ஒன்றுமாக இரண்டு விலைப்புள்ளிகள் வாங்குங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் அதன் பரிசோதனைக் கட்டணத்தையும் கிலுகிலுப்பையின் விலை தாங்காது என்று தெரிந்தால், முதலாண்டில் மற்ற ஐந்தை மட்டும் விற்பனைக்குக் கொண்டுவாருங்கள்.