1850-க்கு முன்னால் பெயரே கிடைக்காத அமெரிக்க மூதாதையை எப்படித் தேடுவது?

கேள்வி: என் மருமகள் அமெரிக்கப் பெண். அவள் வீட்டுக் குடும்ப பைபிளில், 1805-ல் வர்ஜீனியாவில் பிறந்து கென்டக்கிக்குக் குடிபெயர்ந்த ஒரு மூதாதையைப் பற்றி இரண்டு வரி இருக்கிறது. 1850 சென்சஸில் அவர் மனைவி மக்களோடு கிடைத்துவிட்டார். அதற்கு முன் எந்த ஆண்டில் தேடினாலும் பெயர் வரவில்லை. பேரனுக்காக வம்சாவளி எழுதுகிறேன். எப்படிப் பின்னோக்கிப் போவது?

பதில்:

என் மனைவியும் அமெரிக்கர்தான். அவள் வழி முன்னோர்களைத் தேடியே இதெல்லாம் எனக்குப் பழக்கமானது. முதல் வேலையாக, பெயரைத் தேடுவதை நிறுத்திவிட்டு வீட்டைத் தேடுங்கள்.

அங்கே 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை சென்சஸ் எடுக்கிறார்கள். ஆனால் 1840 வரை நடந்த ஆறு சென்சஸிலும் குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதினார்கள். மற்றவர்கள் எல்லாம் கட்டத்துக்குள் ஓர் எண். பத்து வயதுக்கு உட்பட்ட ஆண் 2, பதினாறிலிருந்து இருபத்தாறுக்குள் பெண் 1, இப்படி. உங்கள் ஆள் 1810-ல் ஐந்து வயதுப் பையன். அப்பா பெயருக்கு நேரே முதல் கட்டத்தில் நிற்கும் எண்ணுக்குள் அவன் இருக்கிறான். 1830-ல் கல்யாணமாகி மாமனார் வீட்டோடு இருந்திருந்தால் அப்போதும் அவர் வெறும் எண்தான்.

ஆகவே 1850 பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு எல்லாருடைய வயதிலும் பத்தைக் கழியுங்கள். பத்து வயது நிரம்பாதவர்களை அடித்துவிடுங்கள். இடையில் இறந்தவர்கள், கட்டிக்கொடுத்துப் போன மூத்த பெண்கள் ஆகியோரைப் பைபிளிலிருந்து சேருங்கள். 1840-ல் அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்று ஓர் உருவம் கிடைக்கும். அந்த உருவம் உள்ள வீட்டைத்தான் தேட வேண்டும். பெயரின் எழுத்து எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். சென்சஸ் எடுக்க வந்தவர்கள் வாசலில் நின்று காதில் விழுந்ததை எழுதிக்கொண்டு போனார்கள். ஆபிரகாம் லிங்கனின் தாத்தா பெயரே கென்டக்கி நிலப் பத்திரத்தில் 'லிங்க்ஹார்ன்' என்று இருக்கிறது.

லிங்கனை இழுத்ததற்குக் காரணம் உண்டு. உங்கள் மருமகள் வீட்டார் போன அதே வர்ஜீனியா - கென்டக்கி வழியில்தான் அவர் குடும்பமும் போனது. அதுவும் பெயர் தெரியாத விவசாயக் குடும்பம். பின்னால் பேரன் ஜனாதிபதி ஆனதால் ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு தாளையும் புரட்டினார்கள். அவர்கள் மாட்டிக்கொண்ட இடங்களில்தான் நாமும் மாட்டிக்கொள்வோம்.

லிங்கனுக்கே தன் குலமுறை தாத்தாவுக்கு மேல் சரியாகத் தெரியாது. தாத்தா 1781 அல்லது 82 வாக்கில் வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) கென்டக்கிக்கு வந்தார், ஓரிரு ஆண்டில் செவ்விந்தியர்கள் அவரைக் கொன்றார்கள் என்று 1859-ல் எழுதினார். கொலை நடந்தது உண்மை. ஆனால் அது 1786-ல். குடும்பக் கதைகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்: சம்பவம் சரியாக இருக்கும், ஆண்டு நழுவியிருக்கும். கதையைத் தூக்கிப் போடாதீர்கள், ஆண்டை மட்டும் நம்பாதீர்கள்.

மசாசூசெட்ஸில் லிங்கன் என்ற பெயரில் ஒரு பழைய குடும்பம் இருந்தது. அவர்களோடு தொடர்பு உண்டா என்று அவரும் கடிதம் எழுதி விசாரித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் லீவை, மொர்தெகாய், சாலமன், ஆபிரகாம் என்று ஒரே பெயர்கள் வருகின்றன, அதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை என்றுதான் முடித்தார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல என்பதால், இந்தத் துப்பின் மதிப்பு நமக்கு உடனே புரியும். பிற்காலத்தில் அந்தத் தொடர்பு உறுதியானது. 1637-ல் இங்கிலாந்திலிருந்து மசாசூசெட்ஸின் ஹிங்கமுக்கு வந்த சாமுவேல் லிங்கன், அவர் மகன் மொர்தெகாய், அவர் மகன் இன்னொரு மொர்தெகாய், பிறகு ஜான், ஆபிரகாம், தாமஸ், கடைசியில் ஜனாதிபதி. இதில் முதல் ஐந்து தலைமுறை ஆட்களும் எந்த சென்சஸும் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்கள். அவர்களைக் கோத்தது உயில்களும் நிலப் பத்திரங்களும்தான். நம் ஊரில் தாய்ப்பத்திரம் தேடுகிற மாதிரியேதான். யாருக்கு யார் எழுதிக்கொடுத்தார், அந்த நிலம் அவருக்கு எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

அடுத்து கல்யாணப் பதிவு. லிங்கனின் பெற்றோர் வாழ்ந்தது கென்டக்கியின் ஹார்டின் கவுண்டியில். அங்கே கல்யாணப் பதிவு இல்லை. அவர்கள் முறைப்படி மணம் செய்யவே இல்லை என்றுகூட அரசியல் எதிரிகள் கிளப்பிவிட்டார்கள். லிங்கன் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1870களின் கடைசியில், கென்டக்கியிலேயே இருக்கும் வாஷிங்டன் கவுண்டியின் நீதிமன்றத்தில் அந்தக் காகிதங்கள் கிடைத்தன. 1806 ஜூன் 10-ல் எழுதிய கல்யாண ஈட்டுப் பத்திரம் (மணத்துக்குச் சட்டத் தடை இல்லை என்று பிணை கொடுப்பது), ஜூன் 12-ல் மணம் நடத்திவைத்ததாகப் பாதிரியார் தந்த கணக்கு, இரண்டும் இருந்தன. கல்யாணம் பெண் இருந்த ஊரில் நடந்திருக்கிறது! உங்கள் ஆள் மனைவியோடு எந்தக் கவுண்டியில் குடியிருந்தார் என்று மட்டும் பார்க்காமல், பக்கத்துக் கவுண்டிகளிலும் பெண் வீட்டைத் தேடுங்கள். கூடவே கவுண்டி எல்லைகள் எப்போது மாறின என்றும் பார்க்க வேண்டும். லிங்கன் பிறந்த இடம் அன்றைக்கு ஹார்டின், 1843-லிருந்து லாரூ. நிலம் நகரவில்லை, பழைய பதிவேடுகள் பழைய கவுண்டி அலுவலகத்திலேயே தங்கிவிட்டன.

கென்டக்கியில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. அதன் 1790, 1800 சென்சஸ் பட்டியல்கள் இன்று இல்லை. வர்ஜீனியாவின் 1790 பட்டியலும் இல்லை. அதற்குப் பதில் வரிப்பட்டியல்களைப் பாருங்கள். என்னைக் கேட்டால் அவை சென்சஸைவிட மேல். கென்டக்கி தனி மாநிலமான 1792-லிருந்து ஆண்டுதோறும் எழுதினார்கள். எத்தனை ஏக்கர், எத்தனை குதிரை, வீட்டில் 21 வயது தாண்டிய ஆண்கள் எத்தனை பேர் என்று இருக்கும். ஒரு பட்டியலில் புதிதாக ஓர் இளைஞன் பெயர் முளைத்தால் அவனுக்கு அப்போதுதான் 21 ஆகியிருக்கலாம், அல்லது புதிதாகக் குடிவந்திருக்கலாம். 1805-ல் பிறந்தவர் என்றால் 1826 வாக்கில் தொடங்கிப் பாருங்கள். அதே குடும்பப் பெயரில் அந்தப் பகுதியில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்பாவோ சித்தப்பாவோ அங்கேதான் இருப்பார்.

பைபிளுக்கு வருகிறேன். முதல் பக்கத்தைத் திருப்பி அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். 1805-ல் நடந்த பிறப்பை 1840-ல் அச்சான பைபிளில் எழுதியிருந்தால், யாரோ நினைவிலிருந்தோ வேறு தாளைப் பார்த்தோ எழுதியது அது. எல்லா வரியும் ஒரே மையில் ஒரே கையெழுத்தில் இருந்தாலும் அப்படியே. இன்னொன்றும் உண்டு. அமெரிக்க விடுதலைப் போரில் சண்டை போட்டவர்களின் விதவைகள், ஓய்வூதியம் கேட்கும்போது கல்யாணத்துக்குச் சாட்சியாகப் பைபிள் பக்கத்தையே கிழித்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கோப்புகள் இன்றும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1832 சட்டத்துக்குப் பிறகு வந்த மனுக்களில், முதியவர்கள் தாங்கள் எங்கே பிறந்தோம், எந்தெந்த ஊரில் வாழ்ந்தோம் என்று நீதிமன்றத்தில் சொன்னதெல்லாம் பதிவாகியிருக்கிறது. உங்கள் ஆளின் அப்பாவோ தாத்தாவோ அந்தப் போரில் இருந்திருந்தால் நீங்கள் அதிர்ஷ்டக்காரர்.

1850 பக்கத்தையும் முழுசாக நம்ப வேண்டாம். எல்லாச் சுதந்திர மனிதர்களின் பெயரும் வயதும் பிறந்த மாநிலமும் அதில் உண்டு, ஆனால் யாருக்கு யார் என்ன உறவு என்பது 1880-ல்தான் வந்தது. அந்த வீட்டில் இருக்கும் அறுபது வயது அம்மாள் தாயா மாமியாரா என்று பக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வயதும் அப்படித்தான். லிங்கனின் மனைவி மேரி 1850-ல் 28 வயது, 1860-ல் 35 வயது. உண்மையில் அவர் பிறந்தது 1818-ல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

'சுதந்திர மனிதர்கள்' என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களை 1850, 1860-ல் தனிப் பட்டியலில், உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்று மட்டும் எழுதினார்கள். பெரும்பாலான கறுப்பினக் குடும்பங்களின் பெயர்கள் 1870-ல்தான் முதன்முதலாக சென்சஸில் வருகின்றன. உங்கள் மருமகள் வழியில் அப்படி ஒரு கிளை இருந்தால், 1870-க்கு முன்னால் தேட வேண்டியது உரிமையாளரின் உயிலையும் சொத்துப் பட்டியலையும். பேரனுக்கு எழுதும்போது மறுபக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். மூதாதையின் பெயர் உரிமையாளர் பட்டியலில் இருந்தால் அதுவும் வரலாறுதான்.

இன்றைக்கே செய்யக்கூடியது: ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, 1850-ல் அவர் வீட்டுக்கு முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து வீடுகளின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். வர்ஜீனியாவிலிருந்து யாரும் தனியாகக் கிளம்பி வரவில்லை, உறவும் அக்கம்பக்கமுமாகச் சேர்ந்துதான் வந்தார்கள். என் மனைவியின் முன்னோர் ஒருவரின் மாமனார் இரண்டு வீடு தள்ளிதான் இருந்தார். 1840 பக்கத்தில் அந்த அண்டை வீட்டுப் பெயர்களில் நான்கைந்து ஒன்றாக நின்றால், அவற்றுக்கு நடுவே எழுத்து சிதைந்து கிடக்கும் பெயரை நிதானமாகப் படித்துப் பாருங்கள்.