வெயில், குளிர், பெண்ணுடல்: மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டரம்மா, வேதாரண்யம் உப்பளத்தில் வேலை பார்க்கிறேன். ஐந்து மாதக் கர்ப்பம். வெயில் பிள்ளைக்குக் கெடுதலா?

பதில்: கெடுதல் நேரக்கூடும், அம்மா. உடற்சூட்டைத் தணிக்க இரத்தம் தோலை நோக்கி மிகுதியாகப் பாயும்போது கருப்பைக்குப் போகும் அளவு குறையலாம். வியர்த்து நீரும் வற்றினால் அது மேலும் குறையும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினர் 2017 முதல் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்ததில், வெக்கையில் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. ஒதுங்க மறைவிடம் இல்லாததால், காலையில் கொண்டுபோகும் தண்ணீர்ப் பாட்டிலை மதியம்வரை திறக்காத பெண்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து தாகத்தை அடக்காதீர்கள். விடியலில் தொடங்கி, வெயில் ஏறுமுன் கரையேறிவிடுங்கள். மயக்கம், இரத்தக்கசிவு, பின்மாதங்களில் பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: மாதவிலக்கின்போது தலைக்குக் குளிக்கலாமா?

பதில்: தாராளமாகக் குளிக்கலாம்.

கேள்வி: அந்நாட்களில் ஐஸ் தண்ணீர் குடித்தால் உதிரம் கட்டிவிடுமா?

பதில்: கட்டாது. வயிற்றுவலிக்கு வெந்நீர்ப் பை ஒத்தடம் உதவும்.

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். மார்கழிக் காலையில் பாத்திரம் துலக்கினால் விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவந்து எரிகின்றன.

பதில்: இதற்கு ரேனாட் என்று பெயர், குளிரில் விரல்களின் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் வருகிறது, பெண்களுக்கே அதிகம். வெதுவெதுப்பான நீரும் கையுறையும் போதும். விரல்நுனியில் புண்ணோ மூட்டுவலியோ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் ஆத்தா நிறைமாதத்திலும் நாற்று நட்டு எட்டுப் பிள்ளை பெற்றார். இதெல்லாம் வீண் பயமுறுத்தல் அல்லவா?

பதில்: அவர் உழைப்பை வணங்குகிறேன், ஐயா. பெற்ற எட்டைச் சொல்கிறீர்கள்; இடையில் கலைந்தவை எத்தனை என்று அவரிடம் கேட்டதுண்டா? என்னிடம் வரும் மூதாட்டிகள், கேட்ட பிறகுதான், "ரெண்டு தங்கலம்மா" என்று தாழ்ந்த குரலில் சொல்வார்கள்.

கேள்வி: தங்காததற்கு வெயில்தான் காரணம் என்பதற்கு என்ன சான்று?

பதில்: ஒருத்தியின் கர்ப்பத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கானவர்களை ஒப்பிட்டால்தான் தெரியும். அந்த 800 பேர் ஆய்வு அதைத்தான் செய்தது. வெப்ப அலையை 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்த அரசு, வேலைக்களங்களில் நிழற்கூடமும் கழிப்பறையும் கிடைக்கச் செய்ய வேண்டும்.

கேள்வி: மாதவிலக்கில் தயிர், இளநீர், தலைக்குளியல் கூடுமா?

பதில்: மூன்றும் கூடும். தலைக்குளியலைப் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன், படியுங்கள்.

கேள்வி: சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது. உடல்சூடுதானே, வெந்தயம் போதுமா?

பதில்: போதாது. தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் வேலை செய்யும் பெண்களுக்குக் கிருமித்தொற்று எளிதில் வரும். காய்ச்சலோ முதுகுவலியோ சேர்ந்தால் அன்றே, இல்லாவிட்டாலும் நாளைக்குள், சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.