மகளின் விண்ணப்பமும் பெற்றோரின் பங்கும்

அன்புள்ள சகோதரிக்கு,

வேளச்சேரியிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது என்றும், பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் எந்த அளவுக்கு உதவலாம் என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். நான் மேற்கு மாம்பலத்தில் வளர்ந்தவள். இங்கே வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இரண்டு பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. மூத்தவன் விஷயத்தில் நாங்கள் தவறு செய்தோம் என்பதால் அதையே முதலில் சொல்கிறேன்.

1999-இல் என் தம்பியைப் பொறியியல் கலந்தாய்வுக்குக் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு அப்பா அழைத்துச் சென்றார். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று முந்தைய இரவே ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். அவர் காட்டிய இடத்தைத் தம்பி எடுத்துக்கொண்டான். அந்த முறைக்கு அது பொருந்தியது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் அன்றைக்கு இருந்த நுழைவுத் தேர்வும் சேர்ந்து தரவரிசையைத் தீர்மானித்துவிட்டதால், பையன் செய்ய வேண்டியது அனைத்தும் அரங்கத்துக்குள் நுழையும் முன்பே முடிந்திருந்தது. இங்கே விண்ணப்பமே மாணவர் செய்ய வேண்டிய வேலை. காமன் ஆப் என்னும் பொது விண்ணப்பத்தில் 650 சொற்களுக்கு மிகாத ஒரு கட்டுரையும், படிப்புக்கு வெளியே செய்தவற்றைப் பற்றி அதிகபட்சம் பத்துக் குறிப்புகளும் எழுத வேண்டும். இவை தன் சொந்த எழுத்து என்று மாணவரே உறுதியளித்துக் கையொப்பமிட வேண்டும்.

இந்த வேறுபாடு எனக்கு அப்போது புரியவில்லை. 2017 இலையுதிர் காலத்தில், மகன் எழுதி வைத்திருந்த கட்டுரையை ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து நான் திருத்தி எழுதினேன். அவனுடைய பள்ளி ஆலோசகர் அதைப் படித்துவிட்டு, பதினேழு வயதுப் பையனின் குரல் இதில் கேட்கவில்லை என்று அவனிடமே சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவன் மடிக்கணினியை என் முன்னால் வைத்து, “மீதியையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் அம்மா” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான். இரண்டு வாரம் அவன் அதைத் தொடவே இல்லை.

ஆயினும் எங்கள் பெரிய தவறு கட்டுரையைத் தொட்டது அல்ல. அவனுடைய வேலையைச் செய்துகொண்டிருந்த நாங்கள், எங்கள் வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டோம். ஆண்டுக்கு எவ்வளவு செலவழிக்க நம்மால் முடியும் என்ற தொகையை நானும் என் கணவரும் அவனிடம் சொல்லவே இல்லை. சம்பளத்தையும் கடனையும் பிள்ளைகள் காதில் போடக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். கல்லூரி கிடைக்கட்டும், பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். அவன் மிகவும் விரும்பிய தனியார் கல்லூரியில் மார்ச் மாத இறுதியில் இடம் கிடைத்தது. கூடவே வந்த உதவித்தொகைக் கடிதத்தைப் பார்த்தால், மீதித் தொகை எங்களால் கட்டக்கூடியதாக இல்லை. மே 1-க்குள் எந்தக் கல்லூரி என்று முடிவைச் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் முழுவதும் வீட்டில் அழுகையும் மௌனமும்தான். “இதை முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பெயரைப் பட்டியலிலேயே சேர்த்திருக்க மாட்டேனே” என்று அவன் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்து இன்று நன்றாகவே இருக்கிறான். ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் எனக்கு வலிக்கிறது.

ஆகவே உங்கள் மகள் கல்லூரிப் பட்டியல் போடுவதற்கு முன்பே அந்தத் தொகையை அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் குடும்பம் இன்னும் எச்-1பி என்னும் வேலை விசாவில் இருப்பதால், அதைச் சார்ந்து குடும்பத்தினருக்குத் தரும் எச்-4 விசாவில் உள்ள அவளுக்குக் கூட்டரசின் மாணவர் உதவித்தொகையும் கடனும் கிடைக்காது; வெளிநாட்டு மாணவர்களுக்குத் தங்கள் நிதியிலிருந்தே உதவும் கல்லூரிகள் உண்டு என்றாலும், அவை எவை என்று தேடிப் பார்த்தே சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் உள்ள செலவுக் கணிப்பானைப் போட்டுப் பாருங்கள். ஆனால் அது பெரும்பாலும் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் வைத்துப் போட்ட கணக்கு என்பதால், உதவித்தொகை அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். மாநில மாணவருக்கான குறைந்த கட்டணம் எச்-4 விசாவில் உள்ளவருக்கு உண்டா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதையும் கேட்க வேண்டியவர் நீங்கள்தான். இருபத்தொரு வயதில் அவளுடைய எச்-4 தகுதி முடிந்துவிடும், அதற்குள் மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரலாம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். ஒரே கல்லூரியைத் தேர்ந்து முன்கூட்டியே விண்ணப்பிக்கும் ‘எர்லி டிசிஷன்’ முறையில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், மற்றக் கல்லூரிகளின் உதவித்தொகையோடு ஒப்பிட வழி இராது; பெற்றோரும் அதில் கையொப்பமிடுவதால், யோசித்துப் போடுங்கள்.

தேதிகளை நினைவூட்டலாம், கட்டணம் கட்டலாம், கல்லூரிகளைப் பார்க்கக் காரில் அழைத்துச் செல்லலாம். கல்லூரிக்கு எழுதும் மின்னஞ்சலையும் பரிந்துரைக் கடிதத்துக்காக ஆசிரியரிடம் பேசுவதையும் அவளே செய்யட்டும். கல்லூரியில் சேர்ந்த பிறகு, கட்டணம் நீங்களே கட்டினாலும், அவள் சம்மதமில்லாமல் மதிப்பெண்ணைக்கூடப் பொதுவாக உங்களிடம் சொல்ல மாட்டார்கள். தனியார் ஆலோசகர் தேவை என்று நான் நினைக்கவில்லை. பள்ளி ஆலோசகரிடம் அவள் நன்றாகப் பழகினால் போதும்.

என் மகள் 2021-இல் விண்ணப்பித்தபோது, அவள் கேட்டால் மட்டுமே கட்டுரையைப் படிப்பது என்று இருந்தேன். 2019 கோடையில் சென்னை முழுக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்த நாட்களில், மாம்பலம் வீட்டுத் தெருமுனையில் பிளாஸ்டிக் குடத்தோடு பாட்டியுடன் லாரிக்குக் காத்து நின்றதைப் பற்றி எழுதியிருந்தாள். பழைய பழக்கத்தில், இதையெல்லாம் போய் எழுதுவார்களா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது, சொல்லவில்லை. “பாட்டி உன்னை ஏன் கூட வரச் சொன்னாள்?” என்று மட்டும் கேட்டேன். சிறிது நேரம் யோசித்தவள், கட்டுரையின் கடைசிப் பத்தியை அன்றிரவே புதிதாக எழுதினாள்.